பிளாவும் பளிங்குக் கிண்ணமும்

அண்மையிலே பொரளையில் நடைபெற்ற திருமண விருந்தொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். மணமகன் எம்மிடம் தமிழ் படித்த மாணவன்; இன்று இலண்டன் மாநகரிலே கணக்காளனாய் இருக்கிறான். மண்டபத்தின் ஒருபுறம் வெள்ளை விரிப்பிட்ட நீண்ட மேசை. அதன்மீது ஒடுங்கி உயர்ந்த பளிங்குக் கிண்ணங்கள் வரிசையாய் நின்றன. வெளிறிய மஞ்சள் நிறத்து வைன் அவற்றிலே ஊற்றப்பட்டிருந்தது. கிண்ணத்தின் அடியிலிருந்து நூலிழைபோற் குமிழிகள் எழுந்து மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன.

மணமகனின் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்ற உயர் அலுவலர், எமது கையிலே கிண்ணமொன்றை வைத்தார்.

"மாஸ்ரர், இது சும்மா வைன் இல்லை. இதுக்குப் பேர் புரூட். இனிப்பு எண்ட பேச்சுக்கே இடமில்லை. பிரான்சிலை பெரிய ஆக்கள் மீனோடை, சிப்பியோடை குடிக்கிறது. ஒரேயடியாய் விழுங்காதையுங்கோ, மெல்ல மெல்லக் குடியுங்கோ."

மெல்லவே குடித்தோம். முதலிற் குமிழிகள் நாவின் நுனியைச் சுருக்கென்று தைத்தன. பின்னர் ஒரு கூரிய புளிப்பு. அதன் பின்னே, இரவு புளிக்கவைத்த மாப்பானையை விடியலிலே திறந்தாற்போல ஒரு மெல்லிய மணம். இச்சுவையை நாம் முன்னரே அறிவோம். எங்கே அறிந்தோம் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. நினைவு வந்த வேகத்திலே வாயும் திறந்துவிட்டது.

"ஐயா, இது எங்கடை பனங்கள்ளு மாதிரியெல்லோ இருக்கு!"

சுற்றி நின்ற மூவர் சிரித்தனர். அலுவலரும் சிரித்தார். "மாஸ்ரர் நல்லாப் பகிடி விடுறார். அந்த நாத்தத்தையும் இதையும் ஒண்டாய்ச் சொல்லுறாரே!" என்றவர், சிரிப்பு அடங்குமுன்னரே எம்மை ஏற இறங்கப் பார்த்தார். "அதுசரி, மாஸ்ரர் எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊரின் பெயர் போதாது. ஊரின் எந்தத் திசை, எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனால் ஈற்றிலே சாதி வந்து நிற்கும். நாம் வடமராட்சி என்றோம். படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னோம். அப்பால் யாரோ அழைப்பதுபோலத் திரும்பி நடந்துவிட்டோம்.

எமது பாட்டனார், நாம் அப்பு என்று அழைத்தவர், சீவல் தொழிலாளி. ஐம்பது ஆண்டுகள் பனையேறிக் கள் இறக்கியவர். அவ்வொரு சொல்லைச் சொல்ல எமக்கு அன்று நா எழவில்லை.

விருந்து முடிந்து, கனத்தை மயானத்து மதிலோரமாய் எமது அறைக்கு நடந்தோம். 1983 யூலை 24 அன்று இரவு இவ்விடத்தே மூண்ட வன்முறை நாடெங்கும் பரவிய வரலாற்றை வாசகர் அறிவர். அந்நாட்களில் இத்தெருக்களிலே தமிழர் பலர் தாம் தமிழர் என்பதை மறைத்து உயிர்தப்பினர். மறைக்காவிடின் சாவு என்ற நிலை அது. எமக்கு அன்றிரவு எவரும் கத்தி காட்டவில்லை. எம்மைக் கேட்டவர் எம்மொழி பேசுபவர். கையிலே கிண்ணம் ஏந்தியவர். அவரிடமும் ஒன்றை மறைத்தோம். இதை நினைக்க நினைக்க உறக்கம் வரவில்லை. ஆதலின் அந்த வைனைப் பற்றியும் அந்தக் கள்ளைப் பற்றியும் நாம் அறிந்தவற்றை ஒழுங்காய் எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம்.

வடபிரான்சிலுள்ள ஷாம்பேன் என்னும் பகுதியின் வைனே இவ்வகைக்கெல்லாம் முன்மாதிரி. திராட்சைச் சாறு ஒருமுறை புளித்து வைன் ஆகிறது. அதனுடன் சிறிது வெல்லமும் நொதியும் சேர்த்துப் போத்தலில் அடைத்து இறுக மூடுவார்கள். உள்ளே அது மறுமுறை புளிக்கிறது. நொதி வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. வெளியேற வழியில்லாத வாயு வைனிலே கரைந்து கிடக்கிறது. போத்தலினுள் அழுத்தம் ஏறத்தாழ ஆறு வளிமண்டல அளவுக்கு ஏறும். மூடியைத் திறந்தவுடன் குமிழியாய்ப் பொங்குவது அவ்வாயுவே. ஈற்றிலே மீண்டும் சிறிது இனிப்புச் சேர்ப்பதுண்டு. லீற்றருக்குப் பன்னிரண்டு கிராமுக்கு உட்பட்ட இனிப்பு உள்ளதே புரூட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருசியப் பிரபுக்களுக்கு அனுப்பிய ஷாம்பேன் பாகுபோல இனித்தது. இனிப்பற்ற வகையை விரும்பிப் பெருக்கியவர் ஆங்கிலேயர். ஆக, புரூட்டின் பெருமை நேற்று வந்த நாகரிகமேயாகும்.

இனிக் கள்ளைப் பாருங்கள். பனம்பாளையிலிருந்து துளித்துளியாய் முட்டியில் விழும் சாறு தேனைப்போல் இனிப்பது. முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளியாமல் நின்று கருப்பநீராகும்; அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையாயின் காற்றிலும் முட்டியின் ஒட்டிலும் வாழும் நொதிகள் உடனே தொழிலைத் தொடங்கிவிடும். போத்தலும் வேண்டா, நிலவறையும் வேண்டா. வெல்லம் குறையக் குறைய மதுசாரமும் புளிப்பும் ஏறும். வாயு நுரையாய்ப் பொங்கும். வைனிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் மதுசாரம் உண்டு. கள்ளிலே நாலைந்து பங்குதான். மாலைவரை கிடந்தால் கள் மேலும் புளித்துக் காடியாகும். ஷாம்பேன் ஆண்டுக்கணக்காய் இருளிலே காத்திருக்கும். கள்ளுக்கு ஒரு பகற்பொழுதே வாழ்வு. வேறுபாடு பெரிதுதான். எனினும் இரண்டையும் ஆக்குவது ஒரே நொதித்தல். நாவைத் தைப்பதும் ஒரே வாயு. எமது நா அன்று பொய் சொல்லவில்லை.

அவை உணவோடு சேரும் முறையிலும் இவ்வுறவு விளங்கும். அவ்விருந்திலே இறால் வடை இருந்தது. மீன் கட்லெட் இருந்தது. உப்பிட்டு வறுத்த கஜு இருந்தது. இவற்றுடன் அந்த வைன் மிக நன்றாய்ப் பொருந்தியது. எண்ணெய் படிந்த நாவைப் புளிப்பும் குமிழியும் கழுவிவிடுகின்றன. அடுத்த வாய் முதல் வாயைப்போல் ருசிக்கிறது. உப்பு, வைனின் புளிப்பைத் தணிக்கிறது. ஆனால் கறியிலே மிளகாய் மிகுந்திருந்தால் குமிழியும் மதுசாரமும் காரத்தை ஏற்றிவிடும். இனிப்புப் பண்டத்தோடோ புரூட் சற்றும் சேராது. அன்று கேக் வெட்டிய பின்னரே எல்லோரும் கிண்ணத்தை உயர்த்தினர். கேக்கின் சீனி நாவிலே இருக்கையில் அவ்வைன் வெறும் எலுமிச்சைத் தண்ணீராய்க் காய்ந்தது. பலர் முகஞ் சுளித்தனர். ஆயினும் விலையுயர்ந்த பொருளாதலால் எவரும் வாய் திறக்கவில்லை.

அப்புவுக்கு இதையெல்லாம் ஒருவரும் கற்பிக்கவில்லை. பல்கலைக்கழக விடுமுறையொன்றில் ஊருக்குச் சென்றிருந்தபோது, பனையோலையைக் கோலி முடிந்த பிளாவிலே எமக்கு முதன்முறையாகக் கள் வார்த்துத் தந்தார். "வெறுவயித்திலை குடியாதை, மோனை" என்று கூறி, பொரித்த சூடை மீனும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் முன்னே வைத்தார். கிழங்குக்கு உப்பும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பல், அளவாக. உப்பு, பொரியல், மாப்பண்டம்: அன்று பொரளை மேசையிலே வைனோடு பொருந்தியவையும் இவைதாமே! நெத்தலிப் பொரியல், கணவாய், வறுத்த கடலை ஆகியனவும் கள்ளுக்கு ஏற்றவை. இனிப்புப் பண்டத்தை அதனருகே எவரும் வைப்பதில்லை. கொழும்பு விருந்துகளிலே 'பைற்' என்று வழங்கும் கலை, வேலிக்கு அப்பால் மர நிழலிலே பல தலைமுறையாய்த் தேர்ந்த கலையாகும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஊரிலே கள்ளை வாயாலும் சொல்லாத வீடுகள் இருந்தன. அவ்வீடுகளுக்கும் அப்பு சில அந்திப்பொழுதுகளிலே சிறு போத்தலொன்று கொண்டுபோவார். அப்பமாவைப் புளிக்கவைக்க அது வேண்டும். வட்டமாய், ஓரம் முறுகி, நடுவிலே பஞ்சுபோற் பொங்கிய பாலப்பத்தை உண்டவர் எல்லோரும் கள்ளின் நொதியையே உண்டனர். கொழும்பிலும் தென்கரையிலும் தென்னங்கள்ளுக்கு இதே பணி இருந்தது. போத்தல் அடுக்களைவரை போயிற்று. கொண்டுவந்தவர் படலையோடு நின்றார். அப்புவின் கையைப் பற்றிக்கொண்டு அப்படலையிலே நாமும் சிறுவனாய் நின்றிருக்கிறோம். வெற்றுப் போத்தலை அவர் கையிலே கொடுக்கமாட்டார்கள். மதிலின்மேல் வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

அவர் உடலை இப்பொழுது நினைத்துப் பார்க்கிறோம். பனையின் சொரசொரப்பு உரசி உரசி நெஞ்சின் தோல் கறுத்துத் தடித்திருந்தது. இரு புறங்காலிலும் தளநார் பதிந்த தழும்பு. விடியுமுன் ஒருமுறை, பொழுது சாயுமுன் ஒருமுறை; அறுபது எழுபது அடி உயரத்திலே, பாளைக் கத்தியும் முட்டியும் இடுப்பிலே தொங்க, ஒரு கையால் வட்டைப் பற்றிக்கொண்டு மறு கையாற் பாளையின் நுனியைச் சீவுவார். ஒருநாள் சீவாதுவிட்டால் பாளை சாறு சுரப்பதை நிறுத்திவிடும். ஆதலின் காய்ச்சலுக்கும் விடுமுறை இல்லை, மழைக்கும் விடுமுறை இல்லை. அவருடன் ஏறிய இருவர் விழுந்து இறந்தனர். ஒருவர் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து பதினோராண்டு திண்ணையிலே கிடந்தார். இத்துணை உழைத்தும், கள் மணக்கும் சாரத்தோடு அவர் எம்மைப் பாடசாலை வாயிலிலே வந்து அழைத்தபோது, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று நாம் முன்னே ஓடினோம். பின்னே வந்த அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொரளை மண்டபத்திலே நாம் செய்தது இரண்டாவது ஓட்டம்.

ஷாம்பேன் மேசையிலும் இத்தகைய உழைப்பு மறைந்துதான் இருக்கிறது. அழுத்தம் தாங்காது போத்தல்கள் வெடித்த காலத்திலே அங்கு நிலவறைத் தொழிலாளர் முகத்தைக் காக்க இரும்பு முகமூடி அணிந்து வேலை செய்தனர். பெரிய வைன் வணிகர் வெளிமாவட்டத்துத் திராட்சையை மலிவாய்க் கொண்டுவந்து ஷாம்பேன் என்று விற்றபோது, பட்டினியால் வாடிய சிறு தோட்டக்காரர் 1911 இல் கிளர்ந்தெழுந்தனர். ஆய் என்னும் ஊரிலே வணிகரின் நிலையங்கள் எரிந்தன. அரசு படையை அனுப்பியது. இது பழங்கதை என்று எவரும் ஆறுதல் கொள்ளவேண்டா. 2023 அறுவடையிலே மேற்கு ஆபிரிக்கத் தொழிலாளர் பலர் மனிதர் தங்கத் தகாத இடத்திலே அடைக்கப்பட்டுத் திராட்சை பறித்தனர். அவர்களைக் கொண்டுவந்த மூவரை, ஆட்கடத்தற் குற்றத்துக்காகப் பிரெஞ்சு நீதிமன்றம் 2025 யூலையிலே தண்டித்தது. பளிங்குக் கிண்ணத்தைப் பிடித்து நிற்பவருக்கு அத்தொழிலாளியின் முகம் தெரிவதில்லை. கள்ளைப் பற்றி நினைப்பவருக்கோ தொழிலாளியின் முகமே முதலில் தெரிகிறது; அம்முகத்தின்மேல் உள்ள வெறுப்பையே கள்ளின் நாற்றம் என்று கூறுகிறார்.

இலங்கையிலே சமுதாயக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. கோயிலிலும் தேநீர்க்கடையிலும் மனிதரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆயினும் சட்டம் ஏட்டிலே இருக்க, மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே 1968 இல் மக்கள் நின்று போராடவேண்டியிருந்தது. எழுபதுகளிலே சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தவறணைக் குத்தகைக்காரன் வைத்ததே விலை என்றிருந்த நிலை அவற்றால் மாறத் தொடங்கியது. இன்று வடபகுதிச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்துக் கடல்கடந்தும் அனுப்புகின்றன. சட்டத்தாலும் சங்கத்தாலும் விளைந்த நன்மையை அப்பு தம் வாழ்நாளிலேயே கண்டார். மதிலின்மேல் வைத்த போத்தல் மட்டும் நெடுங்காலம் மதிலின்மேலேயே இருந்தது.

இவ்விரு கிண்ணங்களின் கதை தமிழிலே மிகப் பழையது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் நற்கலத்திலே கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பொன்கலத்திலே மகளிர் ஊட்ட அவன் உண்பதைப் பாடுகிறார். புறநானூற்றின் 56 ஆம் பாட்டு அது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டிலே 1945 இல் வீலர் அகழ்ந்தபோது அத்தகைய வைன் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கப்பலில் வந்த மதுவுக்குப் பொன்கலம் தரும் வழக்கம் அன்றே இருந்தது போலும். ஆனால் அதே நூலின் 235 ஆம் பாட்டிலே, அதியமான் இறந்தபின் அழும் ஔவையார் முதன்முதலில் எதை நினைக்கிறார்? சிறிதளவு கள் கிடைத்தபோது அதைத் தமக்கே தந்துவிட்ட அவன் கையை நினைக்கிறார். கள்ளிலே அவர் இழிவு காணவில்லை. பகிர்ந்துண்ட அன்பையே கண்டார்.

குடியை நாம் போற்றுவதாக எவரும் கொள்ளவேண்டா. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதைக் கற்பிப்பது எமது தொழில். பொரளையின் பின்புறத் தோட்டங்களிலே கசிப்புக் குடித்துக் கூலியைத் தொலைக்கும் தந்தையரின் பிள்ளைகளை நாம் அறிவோம். காலை உணவின்றி வந்து வகுப்பிலே தலைசாய்ப்பவர்கள் அவர்கள். இந்நாட்டிலே 1904 இலும் 1912 இலும் எழுந்த மதுவிலக்குக் கிளர்ச்சிகள், குடியால் வருவாய் தேடிய அந்நிய ஆட்சியையே எதிர்த்தன. அவற்றின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. தமிழ்நாட்டிலே 1987 முதல் கள் இறக்குவது குற்றம். அங்கே அரசே 2003 முதல் சில்லறைக் கடை வைத்து, கள்ளினும் பன்மடங்கு கடிய மதுவை விற்கிறது. குடியே தீதாயின் எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே நீதி வேண்டும். பனையின் அடியிலே இருப்பவனுக்குக் குற்றம், குளிரூட்டிய மண்டபத்திலே நிற்பவனுக்குக் கௌரவம் என்றால், அங்கே அளக்கப்படுவது மதுசாரம் அன்று, மனிதரே.

விருந்து நடந்த அடுத்த வாரம், மேல்வகுப்பிலே ஔவையாரின் அந்தப் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தோம். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். கெட்டிக்காரன், கேள்வியிலே கள்ளமில்லை.

"சேர், கள்ளு கீழ்ச்சாதி ஆக்கள் குடிக்கிறது எண்டு வீட்டிலை சொல்லுவினம். ஔவையார் ஏன் அதைக் குடிச்சவ?"

வகுப்பிலே சிலர் சிரித்தனர். அலுவலரின் சிரிப்பை அச்சிரிப்பிலே கேட்டோம். சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தோம். கை சிறிது நடுங்கியதை மறைக்கவில்லை.

"தம்பி, எங்கடை அப்பு கள்ளுச் சீவினவர். ஐம்பது வரியம் பனை ஏறினவர். அவர் ஏறின பனையிலைதான் நான் படிச்சனான்."

வகுப்பு அடங்கிற்று. கேட்ட மாணவன் தலைகுனிந்து நின்றான்; இருக்கச் சொன்னோம். சிறிது நேரம் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. பின்னர் பின்வரிசையிலிருந்து ஒருவன், ஆண்டு முழுவதும் ஒரு கேள்வியேனும் கேட்டறியாதவன், கையை உயர்த்தினான்.

"சேர், ஒரு பனை ஏற எவ்வளவு நேரம் செல்லும்?"

தளநாரிலிருந்து தொடங்கினோம். மணி அடிக்கும்வரை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர்.